மூன்று தொட்டியா, மூன்று குழாயா?

வாசகர் கேள்வி – பதில்: உயிர்த்தகவலியல் ஆய்வு மாணவர்களுக்காக

கேள்வி: நெல்லில் உப்பு பாதிப்பு குறித்து பி.எச்டி. செய்கிறேன். இரண்டு ரகம், இரண்டிலும் உப்பு கொடுத்த செடி, கொடுக்காத செடி. கையில் இருக்கும் பணத்துக்கு 12 சாம்பிள்தான் ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆர்என்ஏவைப் படித்து அளப்பது) செய்ய முடியும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு செடியின் இலையை மூன்று குழாயில் பிரித்து அனுப்பினால் மூன்று ரெப்ளிகேட் (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனை) ஆகிவிடாதா?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: ஆகாது. ஒரே இலையை மூன்று குழாயில் போட்டால் உங்கள் கை பிப்பெட்டை எவ்வளவு சீராகப் பிடிக்கிறது என்பது தெரியும். செடிக்குச் செடி என்ன வேறுபாடு என்பது தெரியாது. ஜீன் அளவுகளை ஒப்பிடும் டீசீக்2 போன்ற நிரல்கள் அந்தச் செடி வேறுபாட்டை அளவுகோலாக வைத்துத்தான் உப்பால் வந்த மாற்றம் பெரியதா சிறியதா என்று பார்க்கின்றன. அளவுகோலே சுருங்கிப்போனால் கண்ட ஜீனெல்லாம் 'மாறியதாக' வரும். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்ற சந்தோஷம் வைவா (வாய்மொழித் தேர்வு) வரைக்கும்தான்.

கணக்கு தொட்டிக்குத்தான். தனித்தனியாக உப்பு ஊற்றிய மூன்று தொட்டி என்றால் மூன்று ரெப்ளிகேட். ஒரு தொட்டியில் ஐந்து நாற்று இருந்தால் ஐந்தின் இலையையும் சேர்த்து அரைத்து ஒரே சாம்பிளாக அனுப்பலாம். தவறில்லை, ஆனால் அது ஒன்றுதான். எல்லா நாற்றையும் ஒரே உப்புத் தண்ணீர் ட்ரேயில் வளர்த்துவிட்டு 'எனக்கு 30 செடி இருக்கிறது' என்றால், எண்ணத் தெரிந்த தேர்வாளர் 'உங்களிடம் இருப்பது ஒரு ட்ரே' என்பார்.

மூன்று போதுமா என்றால், அது குறைந்தபட்சம். ஈஸ்டில் 48 ரெப்ளிகேட் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. அதிலிருந்து மூன்று மூன்றாக எடுத்துப் பார்த்தபோது, முழுத் தரவில் தெரிந்த மாற்றங்களில் 20 முதல் 40 சதவீதத்தைத்தான் பெரும்பாலான நிரல்கள் பிடித்தன. குறைந்தது ஆறு வையுங்கள் என்பது அவர்கள் பரிந்துரை. உங்கள் 12 சாம்பிளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒரு ரகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உப்புக்கு ஆறு, உப்பில்லாததற்கு ஆறு என்று ஆழமாகப் போகலாம். 'தாங்கும் ரகமும் தாங்காத ரகமும் உப்புக்கு வேறு வேறு விதமாக எதிர்வினை காட்டுகின்றனவா' என்பதே ஆய்வின் உயிர்நாடி என்றால் நான்கு பிரிவுக்கு மும்மூன்று என்று வைத்தாக வேண்டும். அப்போது சிறிய மாற்றங்கள் நழுவிப்போகும் என்பதை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். சீக்வென்சிங் நிறுவனம் 'சாம்பிளுக்கு 4 கோடி ரீடு (படித்த ஆர்என்ஏ துண்டு) தருகிறோம்' என்று ஆசை காட்டினால், 2 கோடி போதும், மிச்சப் பணத்துக்குச் சாம்பிளைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள். ஜீன் அளவில் ஒப்பிடுவதற்கு ஆழத்தைவிட எண்ணிக்கைதான் உதவும்.

இன்னொன்று, இதில் சறுக்கினால் எந்த நிரலாலும் மீட்க முடியாது. உப்பில்லாத செடிகளுக்குத் திங்கட்கிழமையும் உப்புச் செடிகளுக்குச் செவ்வாய்க்கிழமையும் ஆர்என்ஏ பிரித்தெடுத்தால், பிறகு தெரியும் வேறுபாடு உப்பாலா, கிழமையாலா? மனிதத் திசுவையும் எலித் திசுவையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்றை 2015-ல் வேறு இருவர் மறுபடி அலசினார்கள். மனித சாம்பிள்களும் எலி சாம்பிள்களும் பெரும்பாலும் தனித்தனியாக சீக்வென்ஸ் செய்யப்பட்டிருந்தன. தொகுதி தொகுதியாகச் செய்ததால் வந்த அந்த பேட்ச் விளைவைக் கழித்துப் பார்த்தபோது முடிவின் வடிவமே மாறியது. ஆகவே ஒவ்வொரு நாளும் எல்லாப் பிரிவிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யுங்கள். எந்தச் சாம்பிள் எந்த நாளில், எந்தக் கிட்டில் என்று நோட்டில் குறித்துவையுங்கள். டீசீக்2-க்கு 'பேட்ச் + உப்பு' என்று மாதிரி எழுத அந்தக் குறிப்பு வேண்டும். செடிக்கு உள்கடிகாரம் உண்டு என்பதால் எல்லாப் பிரிவுச் செடிகளையும் மாற்றி மாற்றி எடுத்து அறுவடையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, இலையை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். பச்சை இலையில் பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்என்ஏவும் சேர்ந்து வருவதால், ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்று சொல்லும் ஆர்ஐஎன் மதிப்பு சற்றுக் குறைவாகக் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துச் சாம்பிளைத் தூக்கி எறியாமல் வரைபடத்தையும் பாருங்கள்.

கேள்வி: ரீடுகளில் 92 சதவீதம் ஜீனோமில் பொருந்துகின்றன. ஆனால் ரீடுகளை ஜீன் வாரியாக எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸ் நிரலை ஓட்டினால் 5 சதவீதம்தான் ஜீனில் சேர்கிறது. தரவு கெட்டுவிட்டதா?
– எம்.எஸ்சி. மாணவர், திருச்சி

பதில்: தரவு கெட்டிருந்தால் 92 சதவீதம் பொருந்தியிருக்காது. கோளாறு பெரும்பாலும் இழைத் திசையில். லைப்ரரி (சீக்வென்சிங்குக்குத் தயாரித்த டிஎன்ஏ துண்டுத் தொகுப்பு) எந்த இழையிலிருந்து செய்யப்பட்டது என்பதை 'எஸ்' என்ற விருப்பத்தில் சொல்ல வேண்டும்: திசை இல்லாதது 0, நேர்த்திசை 1, எதிர்த்திசை 2. இன்று அதிகம் புழங்கும் டியுடிபி முறை லைப்ரரிக்கு 2. அதற்கு 1 என்று கொடுத்தால் நீங்கள் சொல்வதுபோலச் சில சதவீதம்தான் மிஞ்சும். ஒரே ஒரு சாம்பிளை எடுத்து 0, 1, 2 என மூன்று முறை ஓட்டுங்கள். 1-ம் 2-ம் ஏறக்குறைய சமமாக, 0-வில் பாதிப் பாதியாக வந்தால் லைப்ரரி திசையற்றது. ஒன்று மட்டும் 0-வுக்கு இணையாக வந்தால் அதுதான் உங்கள் திசை.

ஐந்து சதவீதம்கூட இல்லாமல் சுத்தமாகப் பூஜ்ஜியம் வந்தால் குரோமோசோம் பெயர் பொருந்தவில்லை. ஜீனோம் கோப்பில் 'சிஎச்ஆர்1', ஜீன் கோப்பில் வெறும் '1' என்று இருக்கும். நெல்லில் இன்னொரு வம்பு: ராப் என்றும் எம்எஸ்யு என்றும் இரண்டு ஜீன் பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் ஜீன் எண் 'ஓஎஸ்' என்றும் மற்றதில் 'எல்ஓசி' என்றும் தொடங்கும். எண்ணும்போது ஒன்றும், ஜீன் ஆன்டாலஜிக்கு (ஜீன்களை அவற்றின் வேலைப்படி வகைப்படுத்துவது) மற்றொன்றும் பயன்படுத்திவிட்டு 'எந்தப் பாதையும் கிடைக்கவில்லை' என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இரட்டை முனை ரீடு (ஒரே துண்டை இரு முனையிலிருந்தும் படித்தது) என்றால் இதையும் பார்த்துவிடுங்கள். ஃபீச்சர்கவுன்ட்ஸ் 2.0.2 பதிப்பிலிருந்து 'பி' என்ற விருப்பத்தை மட்டும் கொடுத்தால் ரீடுகளைத் தனித்தனியாக எண்ணும். ஜோடியாக எண்ண 'கவுன்ட்ரீட்பேர்ஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும். பழைய சீனியரின் ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரிவது இதனால்தான்.

கேள்வி: டீசீக்2-க்கு டிபிஎம் (ஜீன் நீளத்துக்கும் மொத்த ரீடுக்கும் ஏற்பச் சரிக்கட்டிய அளவு) மதிப்பைக் கொடுத்தால் பிழை காட்டுகிறது. ரவுண்டு செய்து கொடுத்தேன், ஓடிவிட்டது. சரிதானே? பிறகு, கைடு 'பி மதிப்பு 0.05 போதும்' என்கிறார்.

பதில்: ஓடிவிட்டது என்பதும் சரி என்பதும் வேறு. ரீடு எண்ணிக்கை எவ்வளவு பெரியதோ அதைப் பொறுத்துத்தான் அந்த நிரல் நம்பகத்தன்மையைக் கணிக்கிறது. டிபிஎம் அந்தத் தகவலை அழித்துவிடுகிறது. பதப்படுத்தாத முழு எண்களையே கொடுங்கள்.

கைடுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: 30,000 ஜீனைச் சோதித்தால், உப்பு எதையுமே மாற்றாவிட்டாலும் 0.05-க்குக் கீழே 1,500 ஜீன் தற்செயலாக வரும். அதற்காகத்தான் பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறையில் திருத்திய 'பி-அட்ஜ்' நெடுவரிசை. அதில் சில ஜீனுக்கு 'என்ஏ' என்று இருந்தால் பதற வேண்டாம். பி மதிப்பு இருந்து பி-அட்ஜ் மட்டும் என்ஏ என்றால் சராசரி எண்ணிக்கை மிகக் குறைவு என்று நிரலே ஒதுக்கியது. பி மதிப்பே என்ஏ என்றால், ஒன்று அந்த ஜீனுக்கு எல்லாச் சாம்பிளிலும் பூஜ்ஜியம், அல்லது ஏதோ ஒரு சாம்பிளில் எண் எகிறியிருக்கிறது. இரண்டாவது என்றால் அந்தச் சாம்பிளைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஜீன் பட்டியலை எக்செலில் திறந்தால் சில ஜீன் தேதியாக மாறிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

பதில்: கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். காலி எக்செல் பக்கத்தைத் திறந்து, 'டேட்டா' பகுதி வழியாக இறக்குமதி செய்து, ஜீன் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். எக்செல் பட்டியலை இணைத்த ஜீனோமிக்ஸ் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-ல் கணக்கெடுத்தார்கள். எக்செலோடு போராடி அலுத்து, மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் பெயர்களையே மாற்றிவிட்டது: 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1', 'செப்ட்1' இப்போது 'செப்டின்1'. பழைய தரவுத்தளங்களில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. அதனால் பெயரை நம்பாமல் என்செம்பிள் தரவுத்தளத்தின் ஜீன் எண்ணை வைத்துக் கோப்புகளை இணையுங்கள்.

கேள்வி: சித்த மருத்துவ மூலிகை ஒன்றின் 45 சேர்மங்களை ஆட்டோடாக் வினா என்ற நிரலில் ஒரு புரதத்தோடு டாக் செய்தேன் (எப்படி, எவ்வளவு பலமாகப் பொருந்தும் என்று கணித்தேன்). அதிலுள்ள ருட்டினுக்கு மதிப்பெண் –9.2 (எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு பலமான பிணைப்பு), சந்தையில் உள்ள மருந்துக்கு –8.7. மருந்தைவிட ருட்டின் சிறந்தது என்று வைவாவில் சொல்லலாமா?
– எம்.ஃபில். முடித்து பி.எச்டி. செய்பவர், மதுரை

பதில்: சொல்லக் கூடாது. நம் கல்லூரிகளில் மிக அதிகம் செய்யப்படும் ப்ராஜெக்ட் இதுவாக இருப்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் 0.5 என்ற வித்தியாசம். வினா நிரலை உருவாக்கியவர்களே அதன் கணிப்புப் பிழை மோலுக்கு சுமார் 2.85 கிலோகலோரி என்று சொல்லியிருக்கிறார்கள். அரை கிலோகலோரி அந்தப் பிழைக்குள் எங்கோ தொலைந்துவிடும். பிணைப்பு வலிமை பத்து மடங்கு கூட 1.4 கிலோகலோரி போதும் என்பதையும் சேர்த்து யோசித்தால், 2.85 எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

அடுத்து அளவு. பெரிய மூலக்கூறுக்கு ஒட்டும் இடம் அதிகம், அதனால் மதிப்பெண்ணும் ஏறும். ருட்டினில் ஹைட்ரஜன் தவிர 43 அணுக்கள். 9.2-ஐ 43-ஆல் வகுத்தால் அணுவுக்கு 0.21. உங்கள் மருந்தில் 26 அணு என்று வைத்துக்கொண்டால் 0.33. அணுவுக்கு அணு பார்த்தால் மருந்துதான் மேல். பட்டியலின் தலையில் எப்போதும் சர்க்கரை தொங்கும் ஃபிளேவனாய்டுகளே வந்து உட்காருவதன் ரகசியம் இதுதான். மூலிகை எதுவானாலும், புரதம் எதுவானாலும், அதே நாலைந்து பெயர்.

டாக்கிங் நம்பத்தக்கது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே ஒரு மூலக்கூறு பிணைந்திருக்கும் கோப்பைத் தேர்ந்தெடுங்கள், தெளிவு 2.5 ஆங்ஸ்ட்ராம் அல்லது அதைவிட நல்லதாக இருக்கட்டும். அந்த மூலக்கூறை வெளியே எடுத்து, வடிவத்தைக் கலைத்து, திரும்ப டாக் செய்யுங்கள். பழைய இடத்திலிருந்து ஆர்எம்எஸ்டி (சராசரி விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் பெட்டியின் இடம், ஹிஸ்டிடினின் புரோட்டான் நிலை, தவறுதலாக நீக்கிய உலோக அயனி, பிணைப்பில் பங்கெடுக்கும் நீர் மூலக்கூறு ஆகியவற்றைப் பாருங்கள். 'எல்லா நீரையும் நீக்கு' என்று பயிற்சிக் காணொளிகள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்தான் பல பேர் மாட்டுகிறார்கள்.

பிறகு வேலை செய்யும் என்று ஆய்வகத்தில் நிரூபணமான பத்துப் பதினைந்து மூலக்கூறுகளையும், அதே எடையும் அதே மின்னூட்டமும் உள்ள, ஆனால் வேலை செய்ய வாய்ப்பில்லாத போலிகளையும் கலந்து டாக் செய்யுங்கள். ஒரு மெய்க்கு 50 போலி என்பது பரவலான வழக்கம். மெய்கள் மேலே வரவில்லை என்றால் உங்கள் 45 சேர்மத்தின் வரிசைக்கும் பொருள் இல்லை. இந்தச் சோதனையின் படம் இல்லாத டாக்கிங் ஆய்வேட்டை நன்கு அறிந்த தேர்வாளர் பாதியிலேயே மூடிவிடுவார்.

வினாவின் 'எக்ஸாஸ்டிவ்னெஸ்' (தேடலின் தீவிரம்) இயல்பாக 8. ருட்டின்போல் சுழலும் பிணைப்புகள் அதிகமுள்ள மூலக்கூறுக்கு 32 வையுங்கள்; தொடக்க எண்ணை மாற்றி ஐந்து முறை ஓட்டுங்கள். ஐந்து தடவையும் ஐந்து விதமாக உட்கார்ந்தால் அது முடிவே இல்லை. மூலக்கூறு இயக்கச் சிமுலேஷனும் அப்படித்தான்: 100 நானோநொடி ஒரு முறை ஓட்டி, ஆர்எம்எஸ்டி கோடு தட்டையாக இருக்கிறது என்று காட்டுவதைவிட, வேறு வேறு தொடக்க வேகத்தில் மூன்று முறை ஓட்டுவது பலமான சான்று. தட்டைக் கோடு, மூலக்கூறு அங்கே இருந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்று சொல்லாது.

படிக அமைப்பு இல்லாமல் கணித்த மாதிரியை எடுத்திருந்தால், ராமச்சந்திரன் வரைபடத்தை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் கொடுத்த அந்த வரைபடம் முதுகெலும்பின் கோணங்கள் சாத்தியமானவையா என்று சோதிக்கும். பக்கச் சங்கிலிகள் பிணைப்புக் குழியில் சரியாக இருக்கின்றனவா என்பது அதன் வேலை அல்ல. ஆல்ஃபாஃபோல்டு (புரத வடிவத்தைக் கணிக்கும் நிரல்) மாதிரியில் குழியைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களின் பிஎல்டிடிடி எனும் நம்பக மதிப்பெண் 70-க்குக் கீழே இருந்தால் அங்கே டாக் செய்வது காற்றில் சாவி திருகுவது.

வைவாவில் என்ன சொல்லலாம்? 'இந்த 45-ல் முதலில் ஆய்வகத்தில் சோதிக்கத்தக்கவை இவை மூன்று' என்று சொல்லலாம். அந்த மூன்றில் குவெர்செட்டினோ குர்குமினோ இருந்தால், அவை பல வகைச் சோதனைகளில் பொய்யான விளைவு காட்டுபவை என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளை அடையாளம் காணும் மெஷின் லேர்னிங் மாதிரி செய்தேன். துல்லியம் 97 சதவீதம். ஆனால் கமிட்டியில் யாரும் மகிழவில்லை.

பதில்: அவர்கள் சந்தேகப்படுவது இரண்டு இடத்தில். பயிற்சித் தொகுதியில் ஒரு பெப்டைடும், அதிலிருந்து ஒரே ஒரு எழுத்து மாறிய அதன் தம்பி சோதனைத் தொகுதியிலும் இருந்தால், மாதிரி கற்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது. முதலில் எம்எம்சீக்ஸ்2 போன்ற நிரலால் ஒத்த வரிசைகளைக் குழுவாக்குங்கள். பிறகு குழுவோடு சேர்த்தே பயிற்சிக்கோ சோதனைக்கோ அனுப்புங்கள். புரதங்களுக்கு 30 சதவீத ஒற்றுமை என்பது வழக்கமான கோடு. குட்டையான பெப்டைடுகளில் ஒற்றுமைக் கணக்கு தள்ளாடும். அதனால் எந்தக் கோடு, ஏன் என்று எழுதுங்கள். சிறப்புக் கூறுகளைத் தேர்ந்தெடுப்பதும் பிரித்த பிறகே நடக்க வேண்டும். முழுத் தரவையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் முன்பே கசிந்த கதை.

இரண்டாவது, விகிதம். நூற்றுக்கு மூன்றுதான் மெய்யான பெப்டைடு என்றால், எல்லாவற்றையும் 'இல்லை' என்று சொல்லும் மாதிரிக்கும் 97 சதவீதம் கிடைக்கும். பிரிசிஷன்–ரீகால் (மெய் என்று சொன்னதில் எத்தனை சரி, மெய்யானவற்றில் எத்தனை பிடிபட்டது) கோட்டைக் காட்டுங்கள். அதில் குருட்டாம்போக்கின் மதிப்பு 0.03. கூடவே ஒத்த வரிசைகளைத் தேடும் வெறும் பிளாஸ்ட் தேடலின் மதிப்பெண்ணையும் ஒரு கோடாகப் போடுங்கள். அதை முந்தவில்லை என்றால் கமிட்டி மகிழாததில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கருத்தரங்கில் 12 நிமிடம் பேச வேண்டும், 34 ஸ்லைடு வைத்திருக்கிறேன். எதைக் குறைப்பது? அதே வாரம் போஸ்டரும் உண்டு.
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: பதினோரு ஸ்லைடுக்கு இறக்குங்கள். முதலில் வெட்ட வேண்டியது 14 பெட்டியும் அம்புக்குறியும் நிரல்களின் சின்னங்களும் நிறைந்த அந்த 'பைப்லைன்' படம். ஒரு வரி போதும். பதிப்பு எண்களோடு முழுப் படத்தை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள், கேட்டால் காட்டலாம். வெட்டக் கூடாதது சோதனை வடிவமைப்பு ஸ்லைடு: எத்தனைப் பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனை, எந்த அலகை எண்ணினீர்கள். அவையின் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து பிசிஏ, அதாவது எந்தச் சாம்பிள் எதை ஒத்திருக்கிறது என்று புள்ளிகளாகக் காட்டும் படம். சாம்பிள்கள் பிரிவு வாரியாகச் சேர்கின்றனவா, நாள் வாரியாகவா என்று நிறத்தாலும் வடிவத்தாலும் காட்டுங்கள். மனித சாம்பிள் என்றால் பெண் செல்களில் வெளிப்படும் எக்ஸ்ஐஎஸ்டி ஜீனையும் ஒய் குரோமோசோம் ஜீன் ஒன்றையும் பார்த்து, பெண் சாம்பிளும் ஆண் சாம்பிளும் இடம் மாறவில்லையே என்று வீட்டிலேயே சோதித்துவிட்டு வாருங்கள்.

ஸ்லைடின் தலைப்பு 'முடிவுகள்' என்று இருந்தால் அந்த வரி வீண். 'உப்பில் வேரின் சோடியம் கடத்திகள் மூன்று மடங்கு கூடுகின்றன' என்று வாக்கியமாக எழுதுங்கள், கீழே அதற்கான ஒரே ஒரு படம். எரிமலைப் படத்தை (ஒவ்வொரு ஜீனின் மாற்றத்தையும் பி மதிப்பையும் ஒரு புள்ளியாக வைப்பது) காட்டினால் முதல் பத்து நொடி அச்சைச் சொல்லுங்கள்: வலப்பக்கம் கூடியது, ஒரு கட்டம் நகர்ந்தால் இரு மடங்கு, இரண்டு கட்டம் நகர்ந்தால் நான்கு மடங்கு. ஹீட்மேப்பில் 2,000 ஜீன் வேண்டாம், 20 போதும். வரிசைக்கு வரிசை இயல்பாக்கிய படம் என்றால், கருஞ்சிவப்பு என்பது அந்த ஜீன் அதிகம் இருக்கிறது என்று பொருள்படாது, தன் சராசரியைவிட அதிகம் என்றுதான் பொருள்படும் என்று சொல்லிவிடுங்கள். தனிச்செல் தரவின் யூமேப் படத்தில் (ஒத்த செல்களைக் கூட்டம் கூட்டமாகக் காட்டுவது) இரண்டு கூட்டத்துக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பேசாதீர்கள்; அந்தத் தூரத்தை நம்ப முடியாது. அங்கும் 'என்' (ரெப்ளிகேட் எண்ணிக்கை) என்ன என்ற கேள்வி வரும். மூன்று நோயாளியிடம் 15,000 செல் எடுத்தாலும் நோயாளிகளை ஒப்பிடும்போது 'என்' மூன்றுதான். செல்களை நோயாளி வாரியாகக் கூட்டி ஒப்பிடுங்கள். ஜீன் ஆன்டாலஜி பட்டையைக் காட்டினால் 'பின்னணிப் பட்டியல் எது' என்று கேட்பார்கள். சரியான விடை முழு ஜீனோம் அல்ல, உங்கள் திசுவில் வெளிப்பட்ட ஜீன்கள். இலையை எடுத்துவிட்டு முழு ஜீனோமோடு ஒப்பிட்டால் ஒளிச்சேர்க்கைதான் முதலில் வரும். அது இலை என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுத்து அளவில் ஒரு நுணுக்கம். படம் வரையும் ஜிஜிபிளாட்2 நிரல் இயல்பாக 11 புள்ளியில் எழுதும். கடைசி வரிசைக்கு அது எறும்பு. 'பேஸ் சைஸ்' 20 என்று மாற்றி, ஸ்லைடில் எந்த அளவில் வைக்கப்போகிறீர்களோ அதே அங்குலத்தில் சேமியுங்கள். 20 அங்குலத்தில் சேமித்து ஒட்டும்போது சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். சிவப்பு–பச்சை ஜோடி நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பிரியாது, நீலம்–ஆரஞ்சு நல்லது. மஞ்சள் கோட்டை புரொஜெக்டர் விழுங்கிவிடும். பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் வையுங்கள்.

போஸ்டருக்கு, ஏ0 என்றால் 841-க்கு 1,189 மில்லிமீட்டர். அச்சுக்குக் கொடுக்கும் முன் நிற்கும் வாக்கா, படுக்கும் வாக்கா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். பலகை குறுகலாக இருந்தால் படுக்கை போஸ்டர் பக்கத்து ஆளின் மேல் ஏறும். உடல் எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டுவது இடக்கேடு. அந்த இடத்தில் முக்கியப் படத்தை இரு மடங்காக்குங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் 16 ஜிபி ரேம். ரீடுகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: மனித ஜீனோமுக்கு ஸ்டார் 30 ஜிபி அளவுக்குக் கேட்கும். அதே வேலையை ஹைசாட்2 நிரல் சுமார் 8 ஜிபியில் முடித்துவிடும். ஜீன் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் சால்மன் நிரலைப் பயன்படுத்துங்கள். நெல் ஜீனோம் சுமார் 40 கோடி எழுத்துதான், அதற்கு உங்கள் 16 ஜிபியிலேயே ஸ்டார் ஓடும்.

கேள்வி: சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்கும் முன் தரவைப் பொதுத் தளத்தில் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா?

பதில்: அமெரிக்காவின் ஜியோ (ஜீன் தரவுக் களஞ்சியம்) தளத்தில் வெளியீட்டுத் தேதியை நீங்களே தள்ளி வைக்கலாம். அதுவரை எண் மட்டும் கிடைக்கும், தரவு பூட்டியிருக்கும்; கட்டுரை மதிப்பீட்டாளருக்குத் தனிச் சாவி தரலாம். ஃபரிதாபாத்தில் 2022-ல் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையத்திலும் சேர்க்கலாம். எங்கு போட்டாலும் சீக்வென்சிங் நிறுவனம் தந்த மூலக் கோப்புகளின் எம்டி5 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டுவது) முதலில் சரிபாருங்கள். நிறுவனங்கள் தங்கள் சர்வரில் கோப்பை நெடுநாள் வைத்திருப்பதில்லை. பாதி இறங்கிய கோப்பை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் திரும்பக் கேட்க அங்கே ஒன்றும் இருக்காது.